சொற்பொழிவுக்கும் தரகா?

ரபீவுல் அவ்வல் பிறை தென்பட்டதும், ஒத்தக்கடையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மீலாது விழாக் குழுவினர் நாவலரைத் தேடி அலைவர். புகழ்பெற்ற ஒருவரையே ஒரே இரவில் பல ஊர்கள் அழைக்கும்; அரபும் தமிழும் கற்ற இளம் ஆலிம்களை அழைப்பார் இலர். இக்குறை நீங்க, சொற்பொழிவு ஏற்பாட்டு நிலையம் தொடங்க விழையும் நம் மாணவர் சிலர், தரகுக் கூலி ஆகுமா என நம்மை வினவினர்.

இது புதுமையன்று. 1868இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரெட்பாத் இத்தகைய நிலையத்தை நிறுவினார். மார்க் ட்வைன் போன்றோரின் சொற்பொழிவுகளை ஊர்தோறும் ஏற்பாடு செய்து, ஊதியத்தில் பத்திலொரு பங்கைப் பெற்றார்.

மார்க்கமும் இதற்கு இடந்தருகிறது. இமாம் புகாரி அவர்கள் தம் ஸஹீஹில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் வகுத்து, இப்னு ஸீரீன், ஹஸன் முதலியோர் அதில் குற்றம் காணவில்லை எனக் குறித்துள்ளார்கள். ஆயின், கூலி இருசாராருக்கும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். மறைத்துப் பெறுவது மோசடியாகும்.

மற்றொன்றும் சொன்னோம். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நாவலர், வழியிலுள்ள ஏழை ஜமாஅத்தில் அஸருக்குப் பின் உரையாற்றட்டும். அவ்வூருக்குத் தனிப் பயணச் செலவில்லை. பணமுள்ள ஊருக்கே மேடையென்றால் அது வாணிபம் மட்டுமே. இளையவருக்கு மேடையும் எளியவருக்கு நல்லுரையும் கிட்டுமாயின், அத்தரகில் பரக்கத் உண்டாகும், இன்ஷா அல்லாஹ்.