கவிச்சி

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் மூன்று வருஷம் ஒன்றாகப் போனோம். ஒன்றாக என்றால், ஒரே பஸ்ஸில். அம்மா பின்பக்கம், கருவாட்டுக் கூடையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்காருவாள். நான் முன்பக்கம், காலேஜ் பையோடு. டிக்கெட்டைக்கூடத் தனித்தனியாகத்தான் எடுத்தோம். பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை அது. முதல் வாரத்தில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கவிச்சிக்கு முக்கியக் காரணமான பொருளின் பெயரைப் பிறகு எம்.எஸ்ஸி. வகுப்பில் தெரிந்துகொண்டேன். டிரைமெத்திலமீன். நடுவில் ஒரு நைட்ரஜன் அணு, சுற்றிலும் மூன்று மெத்தில் குழுக்கள். உயிரோடு இருக்கும் கடல்மீனில் இதன் ஆக்சைடுதான் நிறைய இருக்கும். அதற்கு வாடை இல்லை. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் கவிச்சி கிளம்புகிறது. புளி சேர்த்தால் அடங்கிவிடும். புளியின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. அம்மா மீன் கழுவும்போது புளி கரைத்து ஊற்றுவது இதற்குத்தான்.

மூக்கை மூடிய அந்தப் பெண்ணின் குடலிலும் இதே பொருள் தினமும் உருவாகிறது. முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள கோலினைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து இதைத் தயாரிக்கின்றன. கல்லீரலில் ஒரு நொதி அதைத் திரும்பவும் ஆக்சைடாக்கி வாடையை மறைத்துவிடுகிறது. மரபணுக் கோளாறால் அந்த நொதி வேலை செய்யாதவர்களின் வியர்வையிலும் மூச்சிலும் மீன் வாடை வரும்.

இந்தப் பொருளைத் தேடித்தான் பைரோலைசினிடம் போய்ச் சேர்ந்தேன்.

மரபணு மொழியில் மூன்றெழுத்துச் சொற்கள் 64. வழக்கமாக அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி மூன்றும் ‘நிறுத்து’ என்று சொல்லும். எல்லாப் பாடநூலிலும் வரும் அமினோ அமிலங்கள் 20. நம் உடலிலும் உள்ள செலினோசிஸ்டைன் 21ஆவது. மெத்தனோசார்சினா பார்கெரி என்ற நுண்ணுயிரில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அதன் ஒரு மரபணுவுக்கு நடுவிலேயே யு-ஏ-ஜி என்ற நிறுத்தச் சொல் இருந்தது. ஆனால் புரதம் அங்கே நிற்காமல் முழுதாக உருவானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் க்ரிசிக்கி, மைக்கேல் சான் குழுவினர் 2002இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ‘சயன்ஸ்’ இதழில் வந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றின் முதல் பெயர் காயத்ரி சீனிவாசன். அந்த நிறுத்தச் சொல் இருக்கும் இடத்தில் 22ஆவது அமினோ அமிலமான பைரோலைசின் உட்கார்ந்திருந்தது. இரண்டு லைசின்களை இணைத்து அந்த உயிர் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

எதற்காக இவ்வளவு பாடு? மெத்திலமீன்களைப் பிடிப்பதற்கு. ஒன்று, இரண்டு, மூன்று மெத்தில் குழுக்கள் கொண்ட மூன்று வகை அமீன்களுக்கும் தனித்தனிப் புரதம் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று ஒத்தவையல்ல. ஆனால் மூன்று மரபணுக்களின் நடுவிலும் அதே யு-ஏ-ஜி. பைரோலைசினின் வளையம் அமீனைப் பற்றிக்கொள்ள உதவுகிறது என்று கருதுகிறார்கள். அப்படிப் பிரித்தெடுக்கும் மெத்தில் குழு கடைசியில் மீத்தேனாக வெளியேறுகிறது.

படித்ததும் பிச்சாவரம்தான் நினைவுக்கு வந்தது. கடல்நீர் புகும் சேற்றில் சல்பேட் அதிகம். அதைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனையும் அசிடேட்டையும் முந்திக்கொண்டு தின்றுவிடும். அவை பெரும்பாலும் தொடாமல் விடுவது மெத்திலமீன்களை. வெண்கண்டல் மரம் உப்பைத் தாங்க இலையில் சேர்த்துவைக்கும் கிளைசின் பீட்டைன், இலை சேற்றில் மட்கும்போது டிரைமெத்திலமீனாக மாறுகிறது. யாருக்கும் வேண்டாத அந்தப் பொருளை நம்பி ஒரு கூட்டம் அங்கே பிழைக்கிறது.

போன வருஷம் ஒரு லீவு நாளில் அம்மாவைக் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் கூட்டிப்போனேன். நீர் வற்றியிருந்த நேரம். துடுப்பு பட்ட இடத்தில் சேற்றிலிருந்து குமிழிகள் வந்தன. அழுகிய முட்டை வாடையும் வந்தது. அது சல்பேட் பாக்டீரியாக்களின் வேலை.

“இந்தச் சேத்து நாத்தத்துக்கு நம்ம கூடையே தேவல” என்றாள் அம்மா.

“மீன் கவிச்சி இருக்குல்லம்மா, அதைத் தின்னுற உயிர் ஒண்ணு இந்தச் சேத்துல இருக்கும்.”

“தின்னுட்டு?”

“மீத்தேன் விடும். அதுக்கு வாசனையே கெடையாது.”

அம்மா குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மூஞ்சத் திருப்பாம திங்க ஒரு ஜீவனாவது இருக்கே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று கூடை இல்லை, அதனால் பெரிய துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடம் தாண்டியதும் அம்மா என் கையைத் தட்டினாள்.

“முன்னாடி சீட்டு காலியா இருக்கு பாப்பா. போயி ஒக்காந்துக்கோ.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள். கடலூர் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.