குந்தும் வண்டி

கோலார் தங்கவயலின் தமிழில் கலந்துள்ள தொழிற்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்த நாள்களில், என் குறிப்பேட்டில் முதலில் ஏறிய வினைச்சொற்களுள் ஒன்று ‘குந்து’. தகவலாளி என் அப்பாவே. “வண்டி பின்னால குந்துது, பட்டை ஏத்தணும்” என்றார். எழுவாய் அஃறிணையாக வருவதைக் குறித்துக்கொண்டேன். வண்டியைப் பார்க்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களில் அப்பாவும் ஒருவர். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறும் கூட்டத்தில் சில ஆண்டுகள் நின்றுவிட்டு, கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தார். கட்டட வேலைகளுக்குச் சிமெண்டு மூட்டைகளை ஏற்றி, இரு சக்கரக் கலவை இயந்திரத்தைப் பின்னால் கோத்து இழுத்துச் செல்வது தொழில். பேத்தமங்கலம் சாலையில் இரவு திரும்பும்போதெல்லாம் எதிரே வருபவர்கள் விளக்கை அணைத்து அணைத்துத் திட்டினார்கள். அவர்களுக்குத் திமிர் என்பது அப்பாவின் முடிவு. உண்மையில் பின்புறம் தாழ்ந்து மூக்கு மேலெழுந்ததால், எங்கள் விளக்குத்தான் அவர்கள் கண்ணில் அடித்தது.

பட்டறையில் இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்த்தார்கள். கமான் பட்டை என்பார்கள். கமான் பாரசீகச் சொல், வில் என்று பொருள். மறுநாள் வண்டி மட்டமாக நின்றது. மட்டமாக நிற்கிறதே என்று அப்பா 20 மூட்டைக்குப் பதில் 25 ஏற்றினார். மூன்றாம் வாரம் ஒரு வளைவில் பின் டயர் வெடித்தது. கலவை இயந்திரம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஓட்டியவருக்கும் உடனிருந்த இரு தொழிலாளர்களுக்கும் காயமில்லை. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

பட்டை சேர்த்தால் வில்லின் விறைப்புதான் கூடுகிறது. அச்சும் டயரும் பிரேக்கும் தாங்கும் அளவு கூடுவதில்லை. குந்துதல் வண்டி விடுத்த எச்சரிக்கை; அதன் வாயைக் காசு கொடுத்து அடைத்திருந்தோம்.

பிறகுதான் கணக்குப் போட்டோம். கலவை இயந்திரம் 1,200 கிலோ என்றால், அதன் இழுதண்டு கொக்கியின்மீது அழுத்துவது அதில் பத்தில் ஒரு பங்கு, 120 கிலோ. கொக்கி பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால். இரு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர். நெம்புகோல் விதிப்படி பின்னச்சுக்குக் கூடுவது 160 கிலோ. முன்னச்சு 40 கிலோவை இழக்கிறது. ஸ்டியரிங் இலேசாவது இதனால்தான். இழுதண்டின் அழுத்தத்தை அடியோடு குறைத்துவிடவும் கூடாது. இழுவையின் பின்பக்கம் கனத்தால் அது வாலாட்டத் தொடங்கும்.

பெரிய குற்றவாளி மூட்டைகள். இறக்க வசதியென்று அப்பா கடைசியில் அடுக்குவார். 1,000 கிலோவின் நடுப்புள்ளி பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் பின்னச்சில் விழுவது 1,100 கிலோ. கேபினை ஒட்டி அடுக்கி அதைப் பின்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் 800. ஒரு பைசா செலவில்லாமல் 300 கிலோ இறங்குகிறது. முன்சக்கரங்களும் தரையைப் பற்றுகின்றன. அமெரிக்காவில் இதே குறைக்குக் காற்றுப்பைகளும், கொக்கியின் சுமையை முன்னச்சுக்குத் திருப்பும் நீண்ட தண்டுகளும் பூட்டுகிறார்கள். அவையும் சுமையின் இடத்தைச் சரிசெய்த பின்னரே பயன்தரும்.

இதை விளக்கியபோது அப்பா ஒரே சொல்லில் முடித்தார்: “பின்பாரம்.” தாத்தா வட ஆர்க்காட்டில் மாட்டுவண்டி ஓட்டியவர். பின்பாரமானால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரமானால் பிடரி புண்ணாகும். மூட்டையைச் சற்றே முன்தள்ளிச் சரிபார்ப்பது வண்டிக்காரர்கள் அன்றாடம் செய்தது. அந்த இணைச்சொற்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தும், இரண்டு ஆண்டுக் களப்பணியில் நான் அவற்றைக் கேட்டதில்லை. மாடு அலறும். டயர் அலறாது என்பது அப்பாவின் விளக்கம்.

இப்போது மூட்டை 20தான். மாதம் ஒருமுறை எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி அளவு பார்க்கிறார். கூடுதல் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டார். கழற்றிய பட்டை வாசலில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் துளசித் தொட்டியை வைத்திருக்கிறார்.