சுக்கும் சந்தனமும்: சுவீடன் நாட்டுத் தேறல் ஒன்று

சங்க இலக்கியம் பயில்வோர்க்கு மதுவின் பெயர்கள் புதியன அல்ல. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என அவை வரிசையாக வரும். மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது. நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைக் கபிலர் பறம்பு நாட்டைப் பாடுமிடத்துக் காட்டுகிறார். நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறது புறநானூற்றின் வேறொரு பாடல். வகுப்பறையில் இவற்றை நடத்தும்போது மாணவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். அச்சிரிப்பின் பொருள் எங்களுக்கும் தெரியும். குடி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது சுவை அன்று. சாலையோரத்தில் வீழ்ந்து கிடக்கும் ஒரு மனிதரின் உருவம்.

தமிழ் கற்பிக்கும் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் 2023ஆம் ஆண்டுக் கோடையில் சுவீடன் நாட்டின் யேவ்லெ நகரில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைத்தோம். எங்களில் ஒருவரின் தந்தை குடியால் மாண்டவர். யாருடைய தந்தை என்பது இங்கே வேண்டாம். இருபதாண்டு இல்லறத்தில் அந்த இழப்பு இருவருக்கும் பொதுவாகிவிட்டது. எனவே கிண்ணத்தை எடுப்பது எங்களுக்கு எளிய செயலாக இருக்கவில்லை.

முதலில் அந்த மதுவின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம். 1998இல் சுவீடனின் பனிமலைப் பகுதிக்குச் சறுக்கு விளையாடச் சென்ற நண்பர் குழு ஒன்று, ஆளுக்கொரு ஸ்காட்லாந்து விஸ்கிப் புட்டியைக் கொண்டு சென்றிருந்தது. வாற்கோதுமையும் நல்ல நீரும் குளிரும் உள்ள நம் நாட்டில் ஏன் விஸ்கி வடிக்கக் கூடாது என்ற கேள்வி அங்கே எழுந்தது. மறு ஆண்டே மாக்மீரா என்னும் நிறுவனம் பிறந்தது. யேவ்லெ நகரை அடுத்த பழைய இரும்பாலைச் சிற்றூரின் பெயர் அது. 2006இல் அதன் முதல் சிங்கிள் மால்ட் வெளிவந்தது. 2011இல் ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள புதிய வடிசாலையை எழுப்பினார்கள். தானியம் உச்சிக்கு ஏறும். பிறகு ஒவ்வொரு நிலையிலும் புவியீர்ப்பே அதனைக் கீழே இறக்கிவரும்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு வடித்தது என்பதே அதன் பொருள். முளைவிட்ட தானியத்தை உலர்த்தி அரைத்து, வெந்நீரில் அதன் இனிப்பைக் கரைத்தெடுத்து, நொதிக்கவைத்து, செப்புக் கலங்களில் இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். அப்போது கிடைப்பது நீர்போல் நிறமற்ற திரவம். அது மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு உறங்கினால்தான் ஐரோப்பியச் சட்டம் அதனை விஸ்கி என்று அழைக்க விடும். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பனவற்றில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தைக் கலந்தது. அதற்கு அங்கே அப்பெயர் கிட்டாது.

மாக்மீராவின் தனித்தன்மைகள் இரண்டு. ஒன்று, தானியத்தை உலர்த்தும் புகையில் ஜூனிப்பர் புதரின் சுள்ளிகளையும் சேர்ப்பது. மற்றொன்று, சுவீடனிலேயே வளர்ந்த ஓக் மரத்தில் பீப்பாய் செய்வது. அந்நாட்டு ஓக் மரத்துக்கு ஒரு கதை உண்டு. கடற்படைக்குக் கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 19ஆம் நூற்றாண்டில் விசிங்சே தீவில் ஓக் காடு வளர்த்தார்கள். 1975இல் மரங்கள் முற்றிவிட்டன என்ற செய்தி கடற்படைக்குப் போனது. அதற்குள் கப்பல்கள் இரும்பாலானவையாக மாறிப் பல காலம் ஆகியிருந்தது. பொறுமை என்பது அந்த மண்ணில் அறிவுரையன்று, தட்பவெப்பம்.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் யேவ்லெ நகரில் பணிபுரிகிறார். அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், இரவு பத்து மணிக்கும் மங்காத வெளிச்சத்தில், ‘ஸ்வென்ஸ்க் ஏக்’ என்ற புட்டி திறக்கப்பட்டது. சுவீடன் ஓக் என்பது அப்பெயரின் பொருள். சாராய அளவு 46.1 விழுக்காடு. அவருடைய அண்டை வீட்டார், எழுபதைக் கடந்த ஒரு சுவீடன்காரர், சுவைக்கும் முறையைக் கற்பிக்க முன்வந்தார். “ஐயா, அம்மா, கட்டாயம் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம்” என்று மாணவர் எங்கள் முகம் பார்த்துச் சொன்னார்.

அடி அகன்று வாய் குறுகிய சிறு கிண்ணம். அதில் விரல் தடிமன் அளவு கூட இல்லை. முதலில் நிறத்தைப் பார்க்கச் சொன்னார்: தெளிந்த தேன். பின்னர் வாயைச் சற்றே திறந்தபடி முகரச் சொன்னார். இல்லையேல் சாராயத்தின் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். என்ன மணம் என்று கேட்டார். நாங்கள் ஒரே நேரத்தில் “சுக்கு” என்றோம். அடுத்து, சந்தனக்கட்டையைக் கல்லில் இழைக்கும்போது எழும் ஈர மணம். நாவில் பட்டதும் மிளகின் காரம். தேளை உவமித்த புலவர் கூறியது இதைத்தான் போலும். இரண்டு சொட்டு நீர் விட்டதும் காரம் அடங்கி, வறுத்த தானியத்தின் இனிப்பு மேலெழுந்தது. விழுங்கிய பின்னும் மரத்தின் துவர்ப்பு நெடுநேரம் நின்றது. முதியவர் எங்கள் சொற்களை மாணவர் வழியாகக் கேட்டு வியந்தார். எங்களுக்கோ வேறொரு வியப்பு. குடியைப் பற்றி அருவருப்பும் அச்சமும் கலவாத ஒரு சொல்லை எங்கள் இல்லத்தில் யாரும் உச்சரித்ததில்லை; அன்று அரை மணி நேரத்தில் பத்துச் சொற்கள் கிடைத்தன.

எங்களில் ஒருவர் முகர்ந்ததோடு நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு துளியை உதட்டில் வைத்தார். “அப்பா இதை முகர்ந்திருக்கமாட்டார்” என்றார். அவ்வளவுதான். கடையில் நின்றபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மிடறில் கவிழ்த்துக்கொண்டவர் அவர். அங்கே மணம் என்பது கடக்கவேண்டிய தடை. குவளை மீண்டும் நீட்டப்படும்.

அவ்வுரையாடலை மொழிபெயர்த்துக் கேட்ட முதியவர் வீட்டுக்குள் சென்று ஒரு சிறு கையேட்டைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனாரின் மதுப் பங்கீட்டு ஏடு. சுவீடனும் ஒரு காலத்தில் குடியால் சீரழிந்த நாடுதான். 1922இல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஏறக்குறைய 51க்கு 49 என்ற நூலிழையில் வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்பிருந்தே 1955 வரை இந்த ஏடு இல்லாமல் சாராயம் வாங்க முடியாது. வாங்கியது ஏட்டில் பதிவாகும். மணமான பெண்களுக்கு ஏடு தரப்படவில்லை. பாட்டனாரின் ஏடு ஒருமுறை பறிக்கப்பட்டதாகவும், அந்த மாதங்களே பாட்டியின் நல்ல மாதங்கள் என்றும் அவர் கூறினார். அதன்பின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

1955 முதல் அங்கே சிஸ்டம்புலாகெட் என்னும் அரசு நிறுவனமே மது விற்கிறது. நமக்கும் 1983இல் தொடங்கிய டாஸ்மாக் இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். இரண்டும் அரசின் தனியுரிமையே. ஆனால் அங்கே 20 வயது நிரம்பாதவருக்கு விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் அடைத்துவிடுவார்கள். கூடுதலாக வாங்கினால் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது. குடியின் தீங்கைக் குறைப்பதுதான் அதற்கு இடப்பட்ட பணி. நமது கடைகளின் வெற்றியோ அரசுக்கு ஈட்டித் தரும் வருவாயால் அளக்கப்படுகிறது. 2025 ஜூன் முதல் வடிசாலைகள் தம்மிடம் வருவோர்க்குச் சிறிதளவு நேரடியாக விற்கலாம் என்று அங்கே சட்டம் இசைந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: வாங்குபவர் கட்டணம் செலுத்தி, அந்த மதுவைப் பற்றிய விளக்கவுரையையோ சுற்றுப்பார்வையையோ முதலில் முடிக்கவேண்டும். பாடம் கேட்டால்தான் புட்டி! விரிவுரையாளர்களாகிய எங்களுக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

இதனால் அங்கே குடியால் அழிபவர் இல்லை என்று நாங்கள் கருதவில்லை. விலையுயர்ந்த மது நல்லது, மலிவான மது தீது என்பதும் எங்கள் கருத்தன்று. ஈரல் அவ்வேறுபாட்டை அறியாது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரோடு எங்களுக்கு வழக்கும் இல்லை. சொல்ல விரும்புவது இதுவே: தேறல் என்ற சொல்லின் வேர் தேறுதல், அதாவது தெளிதல். தெளிவதற்குக் காலம் வேண்டும். மண்ணில் புதைத்துக் காத்திருந்தவனுக்கும், போதோஸ் என்னும் பழைய இரும்புச் சுரங்கத்தில் 50 மீட்டர் ஆழத்தில் பீப்பாய்களை வைத்துக் காத்திருந்த மாக்மீராக்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. நம் ஊர்க் குடிப்பவரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது அந்தக் காலம்தான். பணமும் உடலும் பிறகே போயின.

மாக்மீரா 2024 ஆகஸ்டில் நொடித்துப்போனது. பின்னர் வேறு கைக்கு மாறித் தொடர்கிறது. அந்தச் செய்தியை மாணவர் எழுதியிருந்தபோது, முதியவர் நலமா என்று கேட்டோம். நலம் என்றும், பாட்டனாரின் ஏட்டைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார் என்றும் பதில் வந்தது. இவ்வாண்டு கபிலர் பாடலை நடத்தும்போது மாணவர்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். நாங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மண்ணில் புதைத்த சாடியைத் திறந்ததும் என்ன மணம் எழுந்திருக்கும் என்று கேட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மழை பெய்த மண்ணோடு புளித்த பனம்பழமும் சேர்ந்த மணம், அம்மா” என்றாள்.