குளிர்கால வாடகை

நியூசிலாந்தின் தென்தீவில் ஜூலை மாதத்தில் கேம்பர் வேனை வாடகைக்கு எடுப்பவர்கள் இரு வகையினர். பனிச்சறுக்கு விளையாட வருபவர்கள் முதல் வகை. வாடகை ஏன் இவ்வளவு மலிவாக இருக்கிறது என்று யோசிக்காதவர்கள் இரண்டாம் வகை. 2024 ஜூலையில் கிறைஸ்ட்சர்ச்சில் வந்திறங்கிய நாங்கள் இரண்டாம் வகை.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே ஆங்காங்கே 'எங்களில் ஒருவர்' என்று வரும். அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்வதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு.

வண்டி பழையது. பின்புறம் படுக்கை, அதன் காலடியில் சிறு மேடை, மேடைமேல் கேஸ் குப்பி செருகும் கையடக்க அடுப்பு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் டீசல் ஹீட்டர். படுக்கையின் அகலத்தைப் பார்த்ததும் இருவரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம். சென்னை வீட்டில் மூன்றாண்டுகளாக நாங்கள் தனித்தனி அறைகளில் உறங்கிக்கொண்டிருந்தோம். சண்டை எதுவும் இல்லை. குறட்டையால் தொடங்கியது, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. பகலிலும் பேச்சு குறைந்துபோயிருந்ததை, ஓய்வுபெற்றவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று இருவருமே தத்தமக்குள் சமாதானம் செய்துகொண்டிருந்தோம்.

முதல் நாள் பர்க்ஸ் கணவாயைக் கடந்து டெகாபோ ஏரிக்குச் சென்றோம். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து நீரில் கலப்பதால் அந்த ஏரிக்கு ஒரு பால் கலந்த நீலம். அந்த நிறத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு நினைவில் நிற்பது இரவுதான். அங்கே ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைந்து மீண்டும் உதிக்க ஏறத்தாழ 15 மணி நேரமாகிறது. சோறு வடித்துத் தின்று, பாத்திரம் கழுவி, நாளைக்குப் போகும் வழியை வரைபடத்தில் இருமுறை பார்த்து முடித்தாலும் மணி ஏழுதான் ஆகியிருக்கும். தொலைக்காட்சி இல்லை. எழுந்து போக அடுத்த அறையும் இல்லை.

மறுநாள் காலையில் அடுப்பு பற்றவில்லை. தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் கல்லாகியிருந்தது. சன்னல் கண்ணாடிகளின் உட்புறம் முழுக்க வெண்படலம். இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சுதான் உறைந்து படிந்திருந்தது. அட்டை ஒன்றால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வண்டியிலிருந்து வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். குப்பியில் இருப்பது பியூட்டேன்; பூஜ்யம் டிகிரியை ஒட்டியே அது வாயுவாக மாற மறுத்துவிடும். குழந்தையைப் போலப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள் என்றார். அன்றிலிருந்து கேஸ் குப்பி எங்கள் இருவருக்கும் நடுவில் உறங்கியது. இத்தனை வருடங்களில் எங்களுக்கு இடையில் இருந்தவற்றுள் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு இரவுகள் ஆவோராக்கி மலையின் அடிவாரத்தில், ஒயிட் ஹார்ஸ் ஹில் என்னும் முகாமில். 3,724 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைப் பற்றித் தென்தீவின் மாவோரி மக்களிடம் ஒரு மரபுக்கதை உண்டு. வானத்தின் மகனான ஆவோராக்கி தம்பிமாரோடு ஓடத்தில் வந்தானாம். ஓடம் தட்டி நின்றுவிட, அவர்கள் மேட்டுப்பக்கம் ஏறி அமர்ந்தார்கள். தெற்குக் காற்று பட்டுக் கல்லாகிப்போனார்கள். ஓடம்தான் தீவு. வந்த வாகனத்திலேயே உறைந்துபோனவர்களின் கதையைத் தகவல் பலகையில் படித்துவிட்டு நாங்கள் படுக்கப் போனோம்.

முகாமில் மின் இணைப்பு கிடையாது. முதல் இரவு எப்படியோ தாண்டியது. இரண்டாம் இரவில் பேட்டரி தீர்ந்து ஹீட்டர் நின்றுவிட்டது. எங்களில் ஒருவருக்கு நடுக்கம் தாங்கவில்லை. கூரைக் காற்றுத்துளையில் துண்டைத் திணித்து அடைத்துவிட்டு, அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு படுத்தார். போர்வைக்குள் கதகதப்பாக இருந்ததால் குப்பி உடனே பற்றிக்கொண்டது. அடைத்த இடத்தில் எரியும் கேஸ் உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை என்பதெல்லாம் இருவரும் பள்ளியில் படித்ததுதான். குளிரில் நினைவுக்கு வரவில்லை.

மற்றவருக்குத் தலைவலியில் விழிப்பு வந்தது. நீலச் சுடரைக் கண்டார். அடுப்பை அணைத்து, கதவை இழுத்துத் திறந்து, எங்களில் ஒருவரைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

உறைபனி மூடிய புல்லில் காலுறையோடு நின்றோம். எங்கோ மேலே செஃப்டன் மலைச்சரிவில் பனிப்பாளம் உடைந்து விழும் ஓசை தூரத்து இடியைப் போலக் கேட்டது. 2012இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது, நிலவும் இல்லை. சென்னையில் தெற்கே பார்த்துப் பழகிய விருச்சிகம் இங்கே தலைகீழாக மேற்கில் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே சிவப்பாகக் கேட்டை. முப்பத்தோரு வருடங்களுக்கு முன் எங்கள் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோகக் காரணமான நட்சத்திரம் அது. கேட்டையில் பிறந்த பெண் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்றார்கள். அந்த அண்ணன் 78 வயதில் இன்றும் காலைநடை போகிறார்.

அங்கே நின்றுதான் சண்டை போட்டோம். அடுப்பில் தொடங்கி வேறெங்கோ போயிற்று. அறை மாறிய முதல் இரவில், மற்றவர் வந்து திரும்ப அழைப்பார் என்று எங்களில் ஒருவர் விளக்கை அணைக்காமல் காத்திருந்தாராம். வெளிச்சம் தெரிகிறதே, படித்துக்கொண்டிருக்கிறார் போலும், தொந்தரவு வேண்டாம் என்று மற்றவர் ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம். இதைச் சொல்லிக்கொள்ள மூன்று வருடங்களும் இந்த இரவும் ஆயின. பல் கிட்டியதில் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு உள்ளே போய்க் கூரைத்துளையைத் திறந்துவைத்து, கொண்டுவந்த துணிகளையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு படுத்தோம். குப்பியை முன்னிருக்கையில் வைத்தோம். காலையில் தேநீர் கிடைக்கவில்லை.

பக்கத்து வண்டிக்காரர் கம்பி கொடுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார். 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாயைத் தாண்டி வானாகா சேர்ந்ததும், வண்டியை நிறுத்திவிட்டு விடுதியில் அறை எடுத்தோம். மின்சாரப் போர்வை, சூடான நீர். மாலைக்குள் தேங்காய் எண்ணெய்கூட உருகிவிட்டது.

அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் ஒரு சிறு மேசை. மேசையை நகர்த்திவிட்டுக் கட்டில்களைச் சேர்த்துப் போடலாம் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். அதைச் சுவரோடு திருகி வைத்திருந்தார்கள்.