மூன்று கோடுகளும் அத்தையின் முகமும்

பண்ணைப்புரம்னு சொன்னதுமே "ஓ, இளையராஜா ஊரா!" என்பார்கள். ஹாஸ்டலில் பாதி அறிமுகம் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி இல்லை, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு நெகட்டிவைப் பற்றி.

அப்பாவோட அக்கா எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். பிரிண்ட் மழை ஒழுக்கில் வீணாகிவிட்டது. மிஞ்சியது 120 ஃபிலிமில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ். அதிலும் லேசாக வினிகர் வாசனை. அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் வரும் வாசனை அது. ஆற அமர ஸ்கேன் பண்ணிக்கலாம்னு தள்ளிப்போட முடியாது.

நண்பன் வீட்டு பிளாட்பெட் ஸ்கேனரில் 4800 டிபிஐ-யில் வைத்தோம். 56 மி.மீ. சதுரப் படம் பக்கத்துக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு பிக்சலுக்கு மேல் வந்தது. பெரிதாக்கினால் முகத்துக்கு மேல் ஒரு சிவப்பு விளிம்பு, கீழே ஒரு நீல விளிம்பு. அப்பத்தா எட்டிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "எம் பிள்ளைக்கு ஏன்டா ரெண்டு மூக்கு?"

இங்கேதான் ஒரு துப்பு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நிறமே கிடையாது. அப்படியென்றால் அந்தச் சிவப்பும் நீலமும் முழுக்க ஸ்கேனரின் கைவரிசை. சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிசைகள், நடுவில் சின்ன இடைவெளி. ஒரே புள்ளியை மூன்றும் வெவ்வேறு நொடியில் பார்க்கும். வண்டி ஒரே சீராக நகர்கிறது என்று நம்பித்தான் மென்பொருள் மூன்றையும் ஒட்டும். நகர்வு பிசகினால் ஒட்டும் பிசகும்.

உறுதி செய்ய நெகட்டிவை 90 டிகிரி திருப்பி வைத்தோம். விளிம்புகள் இப்போது முகத்தின் இடமும் வலமும். அதாவது வண்டி ஓடும் திசையை அவை விடவே இல்லை. ஸ்கேனர் லென்ஸின் கோளாறு என்றால் சென்சார் வரிசையின் திசையில், குறுக்கே வந்திருக்கும்.

அப்புறம் காதைத் தீட்டினோம். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நடுநடுவே நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி கிளம்பியது. 48 பிட் கலரில் இந்தப் படம் சுமார் 670 எம்பி. பழைய லேப்டாப் அதை வாங்கி முடிக்கும்வரை வண்டி காத்திருக்கிறது. நின்று கிளம்பிய இடங்களில்தான் விளிம்பு தடித்திருந்தது.

மருந்து எளிது. 16 பிட் கிரேஸ்கேலுக்கு மாற்றினால் டேட்டா மூன்றில் ஒரு பங்கு, ஒட்டவேண்டிய மூன்று நிறமும் இல்லை. டிபிஐ-யை 2400 ஆக்கினோம். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் விவரமும் ஒன்றல்ல. பல முறை ஓடிச் சராசரி எடுக்கும் மல்டி சேம்பிளிங்கை அணைத்தோம். இரண்டாவது ஓட்டம் ஒரு பிக்சல் தள்ளி விழுந்தாலும் படம் மங்கிவிடும். அகச்சிவப்பு தூசு நீக்கியையும் அணைத்தோம். வெள்ளித் துகள் அந்த ஒளியை மறைப்பதால், படத்தையே தூசு என்று நினைத்து அழித்துவிடும். மேசையைச் சுவர் ஓரம் தள்ளினோம். மோட்டார் நிற்காமல் ஓடியது.

சினிமாக்காரர்களுக்கும் இதே தலைவலிதான், அளவு மட்டும் பெரிது. 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடி தியேட்டருக்கு வந்ததே! 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு பக்கம் நான்கு துளை. வயதாகிச் சுருங்கிய ஃபிலிமில் துளைகளின் இடைவெளி மாறிவிட, படம் ஆடும். ஒவ்வொரு ஃபிரேமையும் நேராக்கி நிறுத்துவதே பெரிய வேலை.

எங்கள் படத்தில் இப்போது ஒரே மூக்கு. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பும் தெரிகிறது. அப்பாவுக்கு அது தெரியாது, அக்கா போனபோது அவர் கைக்குழந்தை. "கிணத்தடியில விழுந்தது" என்றார் அப்பத்தா. அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

இந்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்க வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்க மக்களே. நெகட்டிவ் இருந்தால் முதலில் மோந்து பாருங்க. வினிகர் வாசனை வந்தால் அடுத்த லீவு வரை வைக்காதீங்க.