தகரத்திலிருந்து தானியத்திற்கு



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி வீட்டில் மால்ட் காய்ச்சுகிறாள் என்றால் தவறாக எண்ண இடமுண்டு. முழுவதும் படித்த பின்னர் வைய விரும்புவோர் வையலாம்.

என் தந்தை காப்பார் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். இளமையில் கள், கிள்ளானுக்குக் குடிபெயர்ந்த பின் மாலைதோறும் ஒரு போத்தல் ஸ்டவுட். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்பதும் ஒரு கோரிக்கை. அந்தக் கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்தாம் அப்பா. ஆயினும் குடித்தார். சென்ற ஆண்டு கல்லீரல் பழுதுபட்டது. இனி ஒரு சொட்டும் கூடாதென்றார் மருத்துவர். அப்பா மறுபேச்சின்றி நிறுத்திவிட்டார். ஆனால் மாலை ஆறு மணியானால் வெறுங்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்.

"போதை வேணாம்மா. அந்தக் கருகல் வாசனைதான் நாக்குலயே நிக்குது" என்றார் ஒருநாள்.

அவ்வாசனை வறுத்த பார்லியினுடையது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் மது. அதற்கு முந்திய நிலையில் அது வெறும் இனிப்புச் சாறே. ஆகவே தகரத்தில் விற்கும் மால்ட் சாற்றை வாங்கி, வெந்நீரில் கரைத்து, சிறிது காப்பிக் கசாயம் கலந்து கொடுத்தேன். ஒரு வாரம் பொறுத்துக் குடித்தவர், "மருந்து மாதிரி இருக்கு" என்றார்.

தானியத்திலிருந்தே தொடங்குவோம் எனத் துணிந்தேன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பார்லி வாங்கி ஊற வைத்தேன். மூன்று நாளாகியும் முளைக்கவில்லை. தோலும் முளைக்கருவும் நீங்கத் தீட்டிய பார்லி எப்படி முளைக்கும்? அறிவியல் கற்பிப்பவளுக்கு இது வெட்கம்தான்! பிறகு கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் முழுக் கேழ்வரகு கிடைத்தது.

என்னிடம் இருந்தவை ஒரு பெரிய பானை, அப்பாவின் பழைய வேட்டி, ஒரு வெப்பமானி, ஒரு கம்பளி. கேழ்வரகை இரவு ஊற வைத்து, ஈர வேட்டியில் இரண்டு நாள் முளைகட்டினேன். வாசனைக்காக முழுவதையும் சட்டியில் வறுத்தேன். அதுதான் பிழை. மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் அமிலேசு என்னும் நொதி, முளைக்கும்போது தானியத்தில் பெருகுகிறது. கடுஞ்சூட்டில் அது அழிந்துவிடும். எத்தனை நேரம் வைத்திருந்தும் பானையில் கூழ் கூழாகவே இருந்தது.

மறுமுறை வெயிலில் மட்டுமே உலர்த்தினேன். ஒரு பிடியைத் தனியே கருக வறுத்துக்கொண்டு, மீதியைப் பிளெண்டரில் குருணையாக உடைத்தேன். கேழ்வரகின் மாச்சத்து பார்லியினுடையதைவிடக் கூடுதல் சூட்டில்தான் குழையும். ஆதலால் பாதியை முதலில் பாட்டி செய்வதுபோல் கூழாகக் காய்ச்சி, 65 பாகை செல்சியசுக்கு ஆறவிட்டு, மறுபாதியைக் கலந்து, பானையைக் கம்பளியால் போர்த்தினேன். ஒரு மணி நேரத்தில் கெட்டிக்கூழ் நீர்த்துவிட்டது. ஒரு கரண்டி எடுத்து அயோடின் விட்டுப் பார்த்தேன், நீலம் ஏறவில்லை. நாக்கில் வைத்தால் தித்திப்பு! வறுத்த பிடியையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, வேட்டியில் வடிகட்டிக் குளிர வைத்தேன்.

அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். "இதாம்மா" என்றார்.

இத்துடன் முடித்திருந்தால் நல்ல கதை. பள்ளி விளையாட்டுப் போட்டி வேலையில் ஒரு போத்தலைக் குளிர்பெட்டியில் வைக்க மறந்து, இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. நம் ஊர்ச் சூட்டில் காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள ஈஸ்டே போதுமல்லவா? உரிமமின்றி மது காய்ச்சுவது இந்நாட்டில் குற்றம் என்பது அக்கணம் நினைவிலேயே இல்லை. அருகில் வந்து நின்று மூச்சை இழுத்த அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். சாறு முழுவதையும் கழுவுதொட்டியில் ஊற்றினேன். அவர் தடுக்கவில்லை.

"எத்தனை நாள் வெளிய இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை.

இப்போது ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டுமே காய்ச்சுகிறேன், மிச்சம் வைப்பதில்லை. முளைகட்டும் வேட்டியைக் காலையும் மாலையும் அப்பாவே நனைத்து வைக்கிறார். பானையை மட்டும் நான் அவரிடம் விடுவதில்லை.