டேமேஜ்

யயோய் குஸாமா 2002-ல் பிரிஸ்பேனில், குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தில், குழந்தைகளுக்காக ஓர் அறை அமைத்தார். சுவர், மேஜை, நாற்காலி எல்லாம் வெள்ளை. வருகிற குழந்தையிடம் வண்ண வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்துவிடுவார்கள், எங்கும் ஒட்டலாம். நாளாக ஆக வெண்மை மறைந்துபோகும். படைப்பை முடிப்பவன் பார்வையாளன் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஐந்து வயதுக்காரர்கள் சிரமமில்லாமல் செய்துவிட்டார்கள்.

மண்ணரையில் என் வாடகை வீட்டு முன்னறைக்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த மறுநாள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல், தெருப்பிள்ளைகளை வைத்து அதைச் செய்துபார்த்தேன். ஏழு பேர். ஆறு பேர் பத்து நிமிஷத்தில் கைக்கெட்டிய உயரம்வரை நிரப்பிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் விரல்நுனியில் ஸ்டிக்கரோடு சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அங்கே துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால்தான் ஸ்டிக்கர்.

"ஒட்டலியா கண்ணு?"

"டேமேஜ் எதையுங் காணமுங்க மாமா."

சிரித்துவிட்டேன். பத்து வருஷமாகப் புத்தக ஓரங்களில் பென்சிலால் நான் செய்துவருவதும் இந்த வேலையைத்தான். அந்த வெண்மைக்கு முன்னால் எல்லாக் குழந்தைகளும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே ஓர் ஆணித்துளையைக் கண்டுபிடித்தாள். அதன் பக்கத்தில் ஒன்றை ஒட்டிவிட்டு, மிச்சத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.